அத்தியாயம் எட்டு

பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தை.
மணி மூன்று. விடிய நேரமிருக்கிறது,
விலை இறங்க நேரமில்லை.

கொய்யா, மா, மங்குஸ்தான்.
சுங்கப் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயத்தில்
மூன்றுக்கும் ஒரே எண்.
ஒரே புளோக்கில் ஒரே மாடியில்
முகம் பார்த்துப் பேசாத மூன்று குடும்பங்கள்.
அந்த எண்ணை நான் தட்டும்போதெல்லாம்
மாம்பழத்துக்குக் கோபம் வந்திருக்கும்.

சிகாமட்டிலிருந்து அங்கமுத்து நேற்றே பேசினார்.
"பதினஞ்சு நாடு கையெழுத்துப் போட்டிருக்காமே,
இனிமே வரி கிடையாதாமே?"
கூட்டம் போட்டு மைலோவும் கையேடும் தந்திருக்கிறார்கள்.
பளபளக்கும் தாளில் ஒரு கப்பல்.

இந்தத் தீவு உங்கள் பழத்திடம்
வரி கேட்டதே இல்லை, அண்ணே.
திறந்தே கிடக்கும் கதவுக்கு
இப்போது சாவி கொடுத்திருக்கிறார்கள்.
இன்னும் தூரம் போனால்தான் அந்தத் தாளுக்கு வேலை.
இங்கே கேட்பது வேறு:
காம்பு பச்சையா,
தோலில் மஞ்சள் பால் கசிந்திருக்கிறதா,
திங்கட்கிழமை வருமா,
அடுத்த திங்களும் வருமா.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"அனுப்புங்க, பார்க்கலாம்" என்றேன்.

நாற்பது கூடை வந்தது.
முதலாளி கோ விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து
பதினொன்றைக் காலால் ஒதுக்கினார்.

ஒதுக்கியதில் ஒன்றை எடுத்துத் திருப்பினேன்.
அடியில் சின்னப் பூ, ஆறு இதழ்.
பிளந்தேன். ஆறு சுளை.
முத்திரை இல்லை, கையொப்பம் இல்லை,
இத்தனை வருடத்தில் நான் பார்த்த
பொய் சொல்லாத ஒரே அறிவிப்புப் படிவம்.
ஒரு சுளையில் மட்டும் மஞ்சள், கசப்பு.
மற்ற ஐந்தையும் தின்றேன்.

பதினொன்று திரும்புகிறது என்று செய்தி அனுப்பினேன்.
திட்டுவார், அல்லது கெஞ்சுவார் என்று
இரண்டுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன்.
அவர் கேட்டது:
"கூடைக் காதுல சுண்ணாம்பால
வரிசை நம்பர் போட்டிருக்கேன்.
எந்த வரிசைன்னு பாத்துச் சொல்லும்மா.
எங்கயோ தண்ணி தேங்குது."

என் படிவத்தில் நாட்டுக்குக் கட்டம் உண்டு,
எடைக்கு, மதிப்புக்கு, கப்பலுக்கு உண்டு.
வரிசைக்கு இல்லை.

ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு
கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.
ஏழு. ஏழு. ஏழு. பாதி அழிந்த ஏழு.
பதினொன்றில் ஒன்பது, ஏழாம் வரிசை.

மீதி இரண்டில் ஒரு குறையும் தெரியவில்லை.
அது கோவின் தூக்கக் கலக்கம்.
அவர் கழிவறைக்குப் போன நேரத்தில்
அவற்றை மறுபடி உள்ளே தள்ளினேன்.