இடதுகரை

முத்தையன்கட்டு, இடதுகரை வாய்க்கால்.
விடிய ஐந்தேகால்.
கதவை மூண்டு சுத்துத் தூக்கித் தண்ணி விட்டாச்சு.
கட்டில குந்தியிருந்து
போனை எடுக்கிறன்.

முதல்நாள் அது கேட்டது:
உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?
கனநேரம் விரல் அந்தரத்தில நிண்டது.
மேல சுத்தின வண்டு
ஒருநாளும் இப்பிடி அனுமதி கேட்டதில்லை.
சரி, குருவிக்குத்தானே எண்டு
அமத்தினன்.

இப்ப அது காது குடுக்குது.
திரையில சத்தம்
ஈரவிறகுப் புகைபோல ஊருது.
செண்பகம் எண்டுது. ஓம், எனக்கும் கேட்டது.
மயில். அதுக்குப் போனே தேவையில்லை.
ஆட்காட்டி.

எத்தினை ராத்திரி
பற்றைக்குள்ள மூச்சடக்கிக் கிடந்த எங்களுக்கு மேல
கத்திக் கத்தி வட்டமடிச்ச சாதி.
பிள்ளையின்ர வாயைப் பொத்தலாம்,
அதின்ர வாயை?
இண்டைக்கு அதுக்கும் ஒரு ஆட்காட்டி,
என்ர உள்ளங்கையில,
படத்தோட, முழுப்பெயரோட.

பிறகு இன்னும் ரெண்டு பெயர் ஏறுது.
தேன்சிட்டு.
சின்ன மீன்கொத்தி.

எனக்கு ஒண்டும் கேக்கேல்லை.

இடக்காது அந்த மாசியோட சரி.
வலக்காதுக்கு வவுனியாவில டொக்டர்
ஒரு கோடு கீறிக் காட்டினவர்,
பள்ளத்தில விழுகிற ரோட்டு மாதிரி.
"மெல்லிசான சத்தங்கள் இனி உமக்கு வராது."
எதெது மெல்லிசு எண்டு அவர் சொல்லேல்லை,
நானும் கேக்கேல்லை.

தேன்சிட்டு எண்ட எழுத்து
மஞ்சளாய் ஒருக்கா மின்னி அணையுது.
அப்ப அது இப்ப கத்தினது.
திரும்ப மின்னுது.
இப்பவும்.
வாய்க்கால் மருதுக்குக் கீழ போய்
போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கிறன்.
தண்ணி இரைச்சல். அதுக்குப் பின்னால
எப்பவும் இருக்கிற அந்த ஙீ.
மின்னல் மட்டும் கூடிக்கொண்டு வருது.
ஒரு இலை அசைஞ்ச மாதிரிக் கிடந்தது,
காத்தாயும் இருக்கலாம்.

வரம்பால சைக்கிள் உருட்டிக்கொண்டு
பரஞ்சோதி வாறான்.
கடைவயலுக்குத் தண்ணி வந்து சேரேல்லையெண்டு
சண்டை பிடிக்க வந்தவன்,
நான் நிக்கிற கோலத்தைப் பாத்துப்போட்டு
வலப்பக்கமாய் வந்து, உரத்துக் கேட்டான்:
"என்ன, சிக்னல் இல்லையோ?"

"ரெண்டு கிடக்கு" எண்டன்.