நடுப்புள்ளி

விடைத்தாள் நூற்றுப் பதினேழு எழுதுகிறது:
இரு சம மின்னூட்டங்கள், நடுவே
மின்புலம் சுழி,
ஆகவே மின்னழுத்தமும் சுழி.

முதலுக்கு ஒரு மதிப்பெண்.
‘ஆகவே’யைச் சுழித்தேன்.
புலத்துக்குத் திசை உண்டு பிள்ளை,
எதிரெதிராய்த் தள்ளினால் அடித்துப்போகும்.
அழுத்தம் வெறும் எண்,
கூடத்தான் தெரியும் அதற்கு.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு, ஏழரை மணி.
ஓசூரிலிருந்து அவர்: இப்ப வராதே.
ஊத்தங்கரையிலிருந்து அண்ணன்: இங்க எதுக்கு?
இரண்டும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்.
இரண்டு பஸ்ஸும் கிளம்பிப் போயின.
என் கால் எந்தப் பக்கமும் நகரவில்லை.

மருந்துக்கடைப் பையன்
கையில் பட்டை சுற்றி, பம்ப் அடித்து,
நூற்றறுபது மேடம், உக்காருங்க என்றான்.

எந்தப் பக்கமாக என்று
நான் கேட்கவில்லை.