இருக்கைப் பட்டை அணியாத மொபெட்

அபராதச் சீட்டின்படி
நான் காரில் போயிருக்கிறேன்.
நீடாமங்கலத்தில், கோரையாற்றுப் பாலத்தில்,
இருக்கைப் பட்டை போடாமல்.
பெயர் யால்மொழி.

என்னிடம் உள்ளது மொபெட்.
நாத்தனார் மூன்று தவணை கட்டிவிட்டு
மிச்சத்தோடு என் தலையில் கட்டியது.
அன்றைக்கு அது நின்ற இடம் மன்னார்குடி,
பாமணியாற்றுப் பாலத்தின் வடக்குக் கை.
வேதாரண்யத்து அம்மனை நினைத்து
அப்பா வைத்த பெயர் யாழ்மொழி.

மற்றபடி நடந்தது உண்மை.
தலையில் தலைக்கவசம் இல்லை.
அது காலிடுக்கில் மல்லாந்து கிடந்தது,
கழுத்துமட்டும் நெல்லோடு.

ஈரப்பதம் பார்க்கணும், சாம்பிள் கொண்டா என்று
கொள்முதல் நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.
குவியலுக்குத் தார்ப்பாய் இழுக்கும்போதே தூறல்.
பை தேட நேரமில்லை.
பதினேழைத் தாண்டினால் மூட்டை திரும்பிவிடும்.
தலை நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம்.

"ஹெல்மெட் எங்கம்மா?"
மூடியிருந்த துண்டை விலக்கிக் காட்டினேன்.
ஏட்டு சிரித்துவிட்டுத்தான் எழுதினார்.
கைக்கருவித் திரையில் மழைத்துளிகள்.
விரல் எங்கோ பட்டு எதையோ தேர்ந்தது.
முன்னால் மாட்டிய யாரோ ஒருவரின்
ஊரும் ஆறும் காரும்
எனக்கு வந்து சேர்ந்தன.

"இத்தனை தப்பு இருக்கே, செல்லாதுதானே?"
வக்கீல் குமாஸ்தா சௌரிராஜன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஊரைத் தப்பா எழுதினா
நீங்க போகலேன்னு ஆயிடுமா?
வண்டி நம்பர் சரியா இருக்கு.
போட்டோல நீங்க இருக்கீங்க, நெல்லும் இருக்கு.
எழுத்துப் பிழை. திருத்திக்கலாம்.
குற்றமே மாறிப்போச்சுன்னு கோர்ட்டுல பேசிப் பாக்கலாம்,
ஜெயிச்சாலும் ஜெயிக்கலாம்.
நாலு வாய்தா, நாலு நாள் கூலி.
பட்டைக்கும் ஆயிரம், ஹெல்மெட்டுக்கும் ஆயிரம்.
கட்டிட்டுப் போங்களேன்."

திருத்திக்கலாம்.
அந்தச் சொல்லோடு மேலராஜவீதி முழுக்க நடந்தேன்.
வெற்றிலை வாங்க வந்தவள்
வாங்காமலே பேருந்து ஏறினேன்.

போன வருஷத்துக்கு முந்தின தை.
அறுக்க எட்டு நாள் இருக்கையில் மழை.
சாய்ந்த சம்பா தண்ணீருக்குள்ளேயே முளைவிட்டது.
வந்து படம் எடுத்தார்கள்.
என் வரப்பு, என் பயிர்,
முழங்கால் நீரில் நானும் நின்றேன் படத்தில்.
காப்பீடு வரவில்லை.
ஆதாரில் ழ, பாஸ்புக்கில் ல.
"பொருந்தவில்லை" என்று ஒரு வரி வந்தது.
ஓர் எழுத்துத் தப்பினால்
வெள்ளம் வரலேன்னு ஆயிடுமா என்று
அந்த அலுவலகத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்ற
ஒருவரும் இல்லை.

அவர்கள் தாளில் எத்தனை பிழை இருந்தாலும்
அது நான்தான்.
என் தாளில் ஒன்று இருந்தால்
நான் வேறு யாரோ.

ஆயிரத்தை இன்னும் கட்டவில்லை.
கட்டிவிட்டால் முடிந்துபோகும்.
வாய்தாவுக்குப் போகப்போகிறேன்,
ரத்து செய்யச் சொல்லி அல்ல.
குற்றத்தை ஒப்புக்கொண்டு
சரியாக எழுதித் தரச் சொல்லி:
மொபெட். பாமணி. நாலேகால் மணி. தூறல்.
தலைக்கவசம் இருந்தது, நெல் அணிந்திருந்தது.
யாழ்மொழி. ழ.

முத்திரையோடு அது கைக்கு வந்தால்
நேரே காப்பீட்டு மேசைக்குக் கொண்டுபோவேன்.
இது வேற இலாகாம்மா என்பார்கள்.
தெரியும். அதையும்
எழுதித் தரச் சொல்வேன்.

அன்றைக்கு ஈரப்பதம் பதினெட்டு.
சாலையோரம் இரண்டு வெயில் காயப்போட்டு
மறுபடி ஏற்றினேன்.

இப்போதெல்லாம் தலைக்கவசம் இல்லாமல் ஏறுவதில்லை.
இடது காதோரம் பஞ்சுக்குள்
எங்கோ ஒரு நெல் மாட்டிக்கொண்டிருக்கிறது.
தட்டினாலும் விழவில்லை.
வேகத்தடை ஏறும்போது
குத்துகிறது.