அறை பதினான்கு, மெஸ் கணக்கு

முசாஃபா கிளினிக்கில் கேட்டார்கள்:
உட்கார்ந்த வேலையா, ஓடியாடும் வேலையா?
உட்கார்ந்த வேலைதான் என்றேன்,
அறுபது மீட்டர் உயரத்தில்.
நர்ஸ் சிரிக்காமல் எழுதினாள்.
வயது நாற்பத்தொன்று, எடை எண்பத்தாறு,
நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி.

இரண்டு குப்பூஸைக் கழித்தாள்.
சுலைமானியில் சர்க்கரையைக் கழித்தாள்.
பருப்பைக் கூட்டினாள்.
ராத்திரிச் சோற்றில் ஒரு கை குறை என்றாள்,
யார் கை என்று சொல்லவில்லை.

சாரம் கட்டும் பவுன்ராஜுக்கு
மூவாயிரத்து நானூறு.
முட்டை, மீன், வாழைப்பழம்,
வெயிலிலிருந்து இறங்கினால் உப்பு போட்ட லபன்.
தாளை நாலாக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
காலைச் சாப்பாட்டை விட்டுத்தான்
தங்கைக்குப் பணம் சேர்க்கிறான்.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

மெஸ் நோட்டு என்னிடம்.
ஆறு பேர், தலைக்கு இருநூற்று இருபது திர்ஹாம்,
ஒரே சட்டி, ஒரே கரண்டி.
இத்தனை நாளும் அதை நியாயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று கேபினிலிருந்து பார்த்தேன்.
மஞ்சள் தொப்பி, ஒரு பருப்பளவு.
தோளில் குழாயோடு ஏறிக்கொண்டிருந்தான்.
ஆறாம் மாடியில் நின்றான்.
கொக்கியை அசைக்காமல்
நானும் நின்றேன்.
வாக்கிடாக்கியில் யாரோ கத்தினார்கள்.

இந்த மாதம் நோட்டில் புதிதாக ஒரு வரி:
முட்டை, இரண்டு அட்டை.
யார் பேரிலும் எழுதவில்லை.
யார் கணக்கு இது என்றார் மைதீன் பிச்சை.
கிரேன் கணக்கு என்றேன்.
பாதி புரிந்தவர் மாதிரி
வெங்காயம் நறுக்கப் போனார்.

மணி மூன்று. எனக்குப் பசிக்கிறது.
அதையும் எழுதிவைக்கிறேன்.