நாலடிக்கு இரண்டடி

பில் கட்டாத காட்டேஜில்
ஃப்யூஸைப் பிடுங்கப் போனவன் நான்.
வாடகைக்கு இருந்தவர்கள் போய் நாலைந்து நாளாம்.
சமையல் மேடையில் பிளாஸ்டிக் கூடை,
கூடைக்குள் முழங்கை நீளத்தில் ஓர் ஓணான்,
கழுத்தடியில் முள்தாடி.
ஆஸ்திரேலியாக்காரன் என்று
பிறகுதான் தெரிந்தது.

ரேஞ்சர் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன்.
நம்ம காட்டுது இல்லையே என்று
மூன்று முறை திருப்பிப் பார்த்தார்கள்.
சீட்டு வரும்வரை நீயே வச்சிரு என்றார்கள்.
சீட்டு வந்தது.
வைத்தும் விட்டேன்.

ஏற்காட்டில்
துவைத்த பனியன் காய மூன்று நாள்.
உப்பு ஜாடிக்குள்ளேயே அழும்.
இதற்கோ
ஒரு மூலையில் நாற்பது டிகிரி வேண்டும்
மறுமூலையில் இருபத்தைந்து.
இடையில் எது தேவையென்று
அதுவே நடந்து முடிவு செய்ய இடம் வேண்டும்.
சூட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது,
சூட்டிலிருந்து ஒதுங்கவும் ஒரு நிழல் வைக்கணும்.

செவ்வாய்ப்பேட்டையில் கண்ணாடி அறுத்து ஒட்டி வாங்கி
கடைசி பஸ்ஸில் மடியில் நிறுத்தி
இருபது கொண்டை ஊசி வளைவும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.
மீன் தொட்டியா என்றார் கண்டக்டர்.
பாலைவனம் என்றேன்.
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

குறிஞ்சி வேறு பாலை வேறு என்றெழுதி
ஐந்துக்கு மூன்று மார்க் வாங்கியவன்
குறிஞ்சிக்குள்ளேயே
நாலடிக்கு இரண்டடி பாலை கட்டினேன்.

மணல் கொட்டவில்லை, விழுங்கினால் குடலடைக்கும்.
தரைக்குக் கடப்பாக்கல் துண்டு.
ஏறி உட்கார, கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் ஒன்று.
மூடிக்குக் கொசுவலைக் கம்பி, ஈரம் வெளியே போகட்டும்.
ஜன்னல் வெயிலை நம்பாதே என்றார்
மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் இருதயராஜ்.
கண்ணாடி தாண்டி வரும் வெயிலில்
எலும்புக்கு வேண்டியது இருக்காதாம்.
அதற்கென்று தனியாக ஒரு குழல் விளக்கு.
ஆறு மாதத்தில் மாத்திடு,
எரிஞ்சுக்கிட்டே இருக்கும்,
ஆனா செத்திருக்கும்.
பதினெட்டு வருடம் லைன்மேன்.
எரிந்துகொண்டே சாகும் விளக்கை
அன்றுதான் கேள்விப்பட்டேன்.

கட்டிலுக்கடியில் முட்டை அட்டைகள்,
அவற்றுக்குள் இரவெல்லாம் சுவர்க்கோழிக் கச்சேரி.
சுண்ணாம்புச்சத்துப் பொடியில் புரட்டித்தான் பரிமாறுவது.
செம்பருத்திப் பூ என்றால் உயிர்.
வாசலில் கொட்டிக் கிடக்கும் பட்டர் ஃப்ரூட்டோ
அதற்கு விஷம்.

ஐப்பசி.
பதினான்காம் வளைவில் சில்வர் ஓக் ஒன்று
கம்பிமேல் சாய்ந்தது.
சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு
ஆஃப் பண்ணுங்க என்றவன் நான்தான்.
ஒரே சொல்லில் மலை அணைந்தது.
அதில் என் வெள்ளைக்கல்லும் உண்டு.

கம்பத்தின் மேல் எட்டு மணி நேரம்.
கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று
அவ்வப்போது எண்ணிப் பார்த்தேன்.
முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்தது,
பிறகு ஸ்டேஷன், ஹாஸ்டல்,
பிறகு ஏரிக்கரை லாட்ஜுகள் வரிசையாக.
என் தெரு ஜம்பர் கருகிக் கிடந்தது.
நாலு வீடுதானே, காலையில பாத்துக்கலாம்
என்றார் ஏ.ஈ.
நானும் தலையாட்டினேன்.

வீட்டில் அது
கரித்துண்டாய்க் கறுத்திருந்தது.
கிடைக்கிற சூட்டையெல்லாம் பிடிக்க
தோலை அப்படி இருட்டாக்கிக்கொள்ளுமாம்.
ஒதுங்கக் குகை இருந்தும் ஒதுங்கவில்லை.
கல்லின் மேலேயே
இல்லாத விளக்கைப் பார்த்துத் தலைதூக்கியபடி.

நனைந்த சட்டையைக் கழற்றி
உடம்பைத் துடைத்து
வயிற்றின் மேல் படுக்க வைத்து
கம்பளியை இழுத்தேன்.
சில்லென்று எட்டு வயதுப் பிள்ளையின் கைபோல் ஒட்டியது.
நகம் பதிந்தது.
நாற்பதெல்லாம் கிடையாதுடா என்றேன்,
முப்பத்தேழுதான் சப்ளை.

எப்போதோ டார்ச் அடித்துப் பார்த்தபோது
விலாவோரம் மஞ்சள் திரும்பியிருந்தது.

அப்போது போன் அடித்தது.
எங்கள் தெருதான். யாரோ.
கரண்டு எப்ப வரும் என்று கேட்கத்தான் இருக்கும்.
கையை நீட்டினால் வயிறு அசையும்.
அடித்து ஓயட்டும் என்று
அப்படியே கிடந்தேன்.