மேற்படி

நாரின் நகரில், டயர் கடைக்கு மேலே
என் அறை. கீழே சக்கரம் கழற்றும்போதெல்லாம்
மேசையில் தேநீர் நடுங்கும்.
குபாத்தின் கல்யாணம் இப்போது என்னிடம்
நாற்பத்தொரு ஜிபி.

முந்நூறு எம்பிக்கு மேல் வேண்டாம் என்று
எழுதியிருக்கிறான் மாப்பிள்ளையின் தம்பி ஜெனிஷ்.
ஓகோட்ஸ்க் கடலில் மீன் அறுக்கும் கப்பல்.
செயற்கைக்கோளை அங்கே
ஆளுக்கு இவ்வளவென்று அளந்து ஊற்றுகிறார்கள்.
நூற்றைம்பது அவன் பங்கு.
மீதி சமையல்காரனுடையது,
இரண்டு பாக்கெட் சிகரெட்டுக்கு வாங்கியது.

அடுக்கத் தெரிந்தால் எதுவும் அடங்கும்
என்பார்கள் பெட்டி கட்டுகிறவர்கள்.
இது அந்த அடுக்கல் இல்லை.
இந்த மென்பொருளுக்குக் குமாஸ்தாவின் புத்தி.
முதல் ஃபிரேமை முழுதாக எழுதும்,
அடுத்ததில் மாறியதை மட்டும்.
மாறாததற்கெல்லாம் ஒரே சொல்: மேற்படி.
சுவர், மேற்படி. மேசை விரிப்பு, மேற்படி.
ஆட்டுத் தலை வைத்த தட்டு
யாராவது கை வைக்கும்வரை
மேற்படி.

கெடுத்தது பனி.
மணப்பெண் வண்டியிலிருந்து இறங்கும் நேரம் பார்த்துப்
பிடித்துக்கொண்டது. ஒரு துகள்கூட
முன்பிருந்த இடத்தில் இல்லை.
ஒவ்வொன்றையும் புதிதாய் எழுதி எழுதிக்
கை சலித்த குமாஸ்தா
அவள் முகத்தை நாலு சதுரத்தில் முடித்துவிட்டான்.
பந்திக்கு முந்திக்கொண்டது பனி.
கண்ணுக்கும் உதட்டுக்கும் மிச்சமில்லை.

இரைச்சல் நீக்கும் வடிகட்டியைப் போட்டேன்.
முகம் வந்தது, பனி போய்விட்டது.
வெறும் வானத்தின் கீழே எல்லோரும்
தோளைக் குறுக்கி, கண்ணைச் சுருக்கி
எதிலிருந்தோ ஒதுங்குகிறார்கள்.
பார்க்கப் பயமாயிருந்தது. கழற்றிவிட்டேன்.

பிறகு கத்திரி.
வங்கி மேலாளரின் வாழ்த்துரை, பதினோரு நிமிடம், போனது.
ஆட்டம் மூன்றில் இரண்டு போனது.
அத்தைகள் கம்பளங்களை விரித்து விரித்து
எண்ணிக் காட்டியது போனது.
அதற்கு என்றைக்காவது வசை வாங்குவேன்.

அப்பாவிடம் மைக் வந்த இடம்.
ஓமுர்கூல், கணவாய்ச் சாலையில்
முப்பது குளிர்காலம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
ஆசி சொல்லக் கூப்பிட்டார்கள்.
சாம்பல் திரைச்சீலைக்கு முன்னால் வந்து நின்றார்.
நின்றார்.
இரண்டு நிமிடம் பத்து நொடி. பிறகு
மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப்
போய் உட்கார்ந்தார்.
அதை மட்டும் வெட்டிவிடு என்றார்கள்
அந்த வீட்டில் எல்லோரும், தனித்தனியாக.

நான் வெட்டவில்லை. பாசம் ஒன்றும் இல்லை.
கணக்குப் பார்த்தேன், மூன்று எம்பிகூட வரவில்லை.
வெள்ளைத் தொப்பி, மேற்படி.
மைக் பிடித்த கை, மேற்படி. வாய், மேற்படி.
அந்தக் கல்யாணத்திலேயே மலிவான ஆள் அவர்தான்.

அதிகாலை இரண்டு மணிக்கு
ஊர் தூங்கி, லைன் காலியானதும் ஏற்றினேன்.
நாற்பது சதவீதத்தில் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து.
டயர் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தத்தில் விழித்தபோது
போய்ச் சேர்ந்திருந்தது:
இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

ஒன்பது நாள் கழித்துப் பதில். எழுத்து மட்டும்.
"பனி நல்லாப் பிடிச்சிருக்கு போல.
அண்ணி முகம் சரியாத் தெரியலை, பரவாயில்லை.
அப்பா வர்ற இடத்துல படம் உறைஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்.
மூடித் திறந்தேன். மறுபடியும் மூடித் திறந்தேன்.
மூணாவது தடவை அதை அப்படியே ஓடவிட்டுட்டு
வேலைக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கிட்டிருந்தேன்.
கண்ணை இமைச்சார்."

மூலக் கோப்பைத் திறந்து எண்ணினேன்.
பதினான்கு தடவை இமைத்திருக்கிறார்.
பதிமூன்றை
மேற்படி என்று எழுதியிருக்கிறது.

வட்டில் இடமில்லை. சனிக்கிழமை
இன்னொரு கல்யாணம் வருகிறது, இருநூறு பேர்.
அழிக்கலாமா என்று கேட்டு
நிற்கிறது திரை.