212-ஆம் லாக்கர்

காலை ஏழு மணிக்கு
என் மகனின் வகுப்பறையைச் சத்தம் அடக்கி
212-ஆம் லாக்கரில் வைத்துப் பூட்டுகிறேன்.
தொப்பி, முகமூடி, கையுறை, வெள்ளை அங்கி.
இனி ராத்திரி வரை
கண்கள் மட்டும்தான் நான்.

பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலை நிற்கவில்லை.
அத்தியாவசியம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.
ரெலாவ் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர்
அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸை விடுவார்.
லென்ஸின் கீழே
நகத்தைவிடச் சின்னச் சில்லுகள்,
ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம்.
யார் யாருடைய கைப்பேசிக்கோ போகின்றன.
எங்கள் வீட்டில் ஒன்றுதான்.
அதை ஸ்கேன் பண்ணாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள்,
அதனால் அதுவும் என்னோடு வேலைக்கு வந்துவிடுகிறது.

இரவு எட்டேகாலுக்கு
பாயா தெருபோங், பதினோராம் மாடியில்
பள்ளிக்கூடம் திறக்கும்.
முதலில் கைப்பேசிக்குக் கிருமிநாசினி.
அப்புறம் நூற்றுப் பதினேழு தகவல்கள்.
புனிதமலர் டீச்சரின் குரல்பதிவில்
இப்போதுதான் விடிந்திருக்கிறது:
"காலை வணக்கம் மாணவர்களே."
தர்வேஷும் லிதன்யாவும் எழுந்து நின்று
"காலை வணக்கம் டீச்சர்" என்கிறார்கள்,
ட்யூப் லைட்டைப் பார்த்து.

பத்து மணிக்கு அவர் கூப்பிடுவார், சிங்கப்பூரிலிருந்து.
பாலம் மூடிப் பதினாலு மாதம்.
பின்னக் கணக்கின் நடுவில் அப்பா முகம்.
பேசி முடித்துத் திரும்பினால்
முக்கால் எங்கே விட்டோம் என்று தெரியாது.
சின்னவள் பென்சிலோடு தூங்கியிருப்பாள்.

அறிவியலுக்குப் பச்சைப்பயறு.
பஞ்சில் நட்டு, தினமும் படமெடுத்து அனுப்பவேண்டும்.
அனுப்பினோம். ஏழு படம்.
"தர்வேஷ், எல்லாப் படமும் ஏன் இருட்டாக இருக்கிறது?
செடிக்கு வெயில் வேண்டாமா?"
அவனே தட்டிப் பதில் போட்டான்:
"வெயில்லதான் இருக்கு டீச்சர்.
படம் எடுக்கறதுதான் ராத்திரி."
டீச்சர் ஒரு பூ அனுப்பினார்.
மறுநாள் பஸ்ஸில் அந்தப் பூவை
நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஜூனில் எங்கள் வரிசையில் பதினெட்டுப் பேருக்கு.
பதினெட்டில் நான் ஒருத்தி.
பத்து நாள் அறைக்குள்.
மாக்சிக் ரொக்கையா கேட்டில் கஞ்சி தொங்கவிட்டுப் போவார்.
கைப்பேசி கதவுக்கு அந்தப் பக்கம், அவனிடம்.
மைசெஜாத்ரா கேட்பதை
கதவிடுக்கில் வாய் வைத்துப் படிப்பான்.
காய்ச்சல்?
இல்லை.
இருமல்?
கொஞ்சம்.
மூச்சு வாங்குதா?
இல்லன்னு போடு.
அம்மா, நெஜமா சொல்லு.
இல்லன்னு போடுய்யா.

மூன்றாம் நாள்
காலை வணக்கம் காலையிலேயே வந்தது.
டீச்சர் பெயர் வாசிக்கிறார்.
"தர்வேஷ்?"
சத்தமில்லை.
"தர்வேஷ், இருக்கிறாயா? மைக்கைத் திற."
எந்தப் பொத்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்,
வகுப்பு நடக்கும்போது அவன் உள்ளே இருந்ததே இல்லையே.
கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கும்
எனக்கும் தெரியாது.
பிறகு பக்கத்து வீடு வரை கேட்கிற மாதிரி
"உள்ளேன் டீச்சர்!"
அங்கே யாரோ சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான்.

நோய்க்கு நான் நன்றி சொல்லவில்லை.
சொல்லிவிடுவேனோ என்று
வாயைப் பொத்திக்கொண்டேன்.

சனி ஞாயிறு போக ஆறு நாள் வகுப்பு.
என் இருமல் குறையக் குறைய
லிதன்யா காலண்டர் முன்னால் நின்று கேட்டாள்:
"அம்மாவுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கக் கூடாதா?"
தர்வேஷ் அவள் தலையில் ஒன்று வைத்த சத்தம் கேட்டது.

பதினோராம் நாள்
முழுக்க சார்ஜ் ஏற்றி
அவனே என் பையில் வைத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணி.
லென்ஸின் கீழே எத்தனையாவது சில்லோ.
முகமூடிக்குள்
"உள்ளேன் டீச்சர்" என்றேன்.
எதிர் மேசையில் ஃபாரிதா நிமிர்ந்து
கண்ணாலேயே என்ன என்றாள்.
தலையாட்டிவிட்டு
அடுத்த தட்டை இழுத்துக்கொண்டேன்.